ஃப்ரோசன் ஷோல்டர்: 14 மாதம் பிசியோ, நடுவில் 10 தடவை அக்குபஞ்சர் ஊசி

2023 ஆடி மாதம் ஒருநாள், கரும்பலகையின் மேல் மூலையில் தேதி எழுதப் போனேன், வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. இரண்டு மாதமாகவே வலிதான், சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தலை பின்ன, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க, எல்லாவற்றுக்கும் இடது கைதான். எலும்பு டாக்டர் முழங்கையை இடுப்போடு ஒட்டவைத்துக் கையை வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தார், திரும்பவில்லை, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஃப்ரோசன் ஷோல்டர் என்றார். தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்துச் சுருங்கிவிடுகிறதாம், சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வருமாம் (எனக்கு 8 வருஷமாக இருக்கிறது), குணமாக 1 முதல் 3 வருஷம்கூட ஆகலாமாம்.

முதலில் போன பிசியோ சென்டரில் 20 நிமிஷம் கரண்ட் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சுகமாக இருக்கும், தூக்கம்கூட வரும். 10 நாள் போனேன், பணம்தான் போனது. அடுத்த இடத்தில் இருந்த பெண் சின்ன வயசு, ஆனால் கறார். "மெஷின் வலியைத்தான் கொஞ்சம் அடக்கும்மா, கையை நீங்கதான் ஏத்தணும்" என்றாள். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊசல் மாதிரி ஆட்டுவது, விரலால் சுவரில் ஏறுவது, முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து இழுப்பது. விரல் எட்டிய இடத்தில் தேதி போட்டுப் பென்சில் கோடு போடச் சொன்னாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் போட ஆரம்பித்தேன். முதல் கோடு என் மூக்கு உயரம்.

மூன்றாம் மாதம் ராத்திரி வலி தாங்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தொடு சிகிச்சைக்குக் கூட்டிப் போனார். மணிக்கட்டில் ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டு, சர்க்கரை மாத்திரையை நிறுத்துங்கள் என்றார் அந்த மனிதர். எழுந்து வந்துவிட்டேன். அப்புறம்தான் ஊசி குத்தும் அக்குபஞ்சர் டாக்டர். தோள் வலிக்கு முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாகக் குத்தி, அந்த ஊசியைத் திருகிக்கொண்டே கையை ஆட்டச் சொன்னார்! முடி மாதிரி ஊசி, குத்துவது அவ்வளவாகத் தெரியாது, உள்ளே கனமாக ஒரு மதமதப்பு மட்டும். நாலாவது தடவைக்குப் பிறகு ஒரே மூச்சில் 5 மணி நேரம் தூங்கினேன்.

ஆனால் கோடு ஏறியது ஊசியால் இல்லை. குத்திய அன்று இரண்டு விரல்கடை ஏறும், மறுநாள் காலை பழைய இடத்துக்கே வந்துவிடும். வலி குறைந்து தூங்கியதால் காலையில் பயிற்சி செய்யத் தெம்பு இருந்தது, அவ்வளவுதான். ஊசியை நிறுத்தியபின் பயிற்சியை விடாமல் செய்துதான் கோடு தலைக்கு மேல் போனது. பொங்கல் லீவில் 9 நாள் விட்டேன், ஒரு ஜாண் இறங்கிவிட்டது, திரும்ப ஏற்ற ஒரு மாதம்.

இப்போது கரும்பலகையில் தேதி எழுதுகிறேன். முதுகுப் பக்கம் மட்டும் இன்னும் முழுசாக எட்டவில்லை. போன வாரத்திலிருந்து இடது தோளில் லேசாக ஒரு பிடிப்பு. தைலப் பாட்டிலை எடுக்கவில்லை, அதே கதவுக்குப் பின்னால் இன்னொரு வரிசைக்கு முதல் கோடு போட்டுவிட்டு அந்தப் பெண்ணுக்குப் போன் செய்துவிட்டேன்.