முருகைத் தொட்டிக்கு மலிவு விளக்கு: டி5 ரியூபா, கறுப்புப் பெட்டி எல்ஈடியா?

கொழும்பின் காற்றில் உப்பும் ஈரமும் எந்நேரமும் இருக்கும். வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம் ஜன்னல் திறந்த வீடென்றால் கேட்கவே வேண்டாம். முருகை (பவளம்) வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியிலிருந்து தெறிக்கும் உப்புநீரும் இதோடு சேரும்போது எவ்வளவு நல்ல விளக்கும் என்றோ ஒரு நாள் பழுதாகும். ஆகவே விளக்கு வாங்கும்போது மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது ஒரு கேள்வியை: பழுதான கிழமைக்குள்ளேயே புறக்கோட்டையில் உதிரிப்பாகம் வாங்கி, வீட்டிலேயே திருத்த முடியுமா? முடியும் என்று சொல்லக்கூடியது, கறுப்புப் பெட்டிக்குள் எல்ஈடி மணிகளை அடுக்கிய மலிவான சீனத்து விளக்கு, அதாவது கறுப்புப் பெட்டி எல்ஈடி. என் தொட்டிக்கு மேலே தொங்குவதும் அதுதான்.

எந்தத் தொட்டிக்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். நீளம் 2 முதல் 2½ அடி, ஆழம் 45 சென்ரிமீற்றர், கொள்ளளவு 100 முதல் 150 லீற்றர். உள்ளே சோவாந்திட், காளான் முருகை, தோல் முருகை போன்ற மென்முருகைகள். கல் முருகைகள் இலங்கையில் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. கடலில் உடைத்தெடுத்த துண்டை யார் என்ன பெயர் சொல்லி விற்றாலும் வாங்காதீர்கள். மென்முருகைக்கு 50 முதல் 100 வரையான பார் (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு) ஒளி போதும். மலிவு விளக்கைப் பற்றிப் பேச முடிவதே அதனால்தான்.

மெட்டல் ஹேலைட் எனும் சூடான வாயு விளக்கை ஒரு பந்தியில் முடித்துவிடலாம். தண்ணீருக்குள் நெளியும் அந்த ஒளி அழகுக்கு இன்றைக்கும் ஈடில்லை. ஆனால் 150 அல்லது 250 வாட் சூட்டை நம் ஊரில் எங்கே கொண்டுபோய் விடுவது? ஏசி இல்லாத அறையில் தண்ணீர் ஏற்கெனவே 28, 29 பாகையில் நிற்கிறது. ஃபேன் வைத்து ஆவியாக்கிக் குளிர்விப்பது வறண்ட ஊர்களில் நன்றாக வேலை செய்யும். நம் ஈரக்காற்றில் ஒன்றிரண்டு பாகை குறைந்தாலே அதிகம். பிறகு தண்ணீரைக் குளிராக்கும் சில்லர் வாங்க வேண்டிவரும், விளக்கில் மிச்சம் பிடித்த காசு அதோடு போய்விடும். சூடும் கடும் ஒளியும் ஒன்றுசேர்ந்தால் முருகைக்கு என்ன ஆகும் என்பதை 1998இல் ஹிக்கடுவை முருகைப்பாறைகள் வெளுத்துப்போனபோது நாடே பார்த்தது.

ஏஐ பிரைம், கெசில், ரேடியன் போன்ற பிராண்ட் எல்ஈடிகளில் ஒளியின் தரத்தைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. போனிலிருந்தே விடியலும் அந்தியும் அமைக்கலாம், சத்தம் குறைவு, பார்வைக்கும் அழகு. ஒன்றின் விலைக்கு இரண்டு கறுப்புப் பெட்டி வாங்கலாம் என்பதைக்கூட நான் பெரிதாக எடுக்க மாட்டேன். என் தயக்கம் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையைப் பற்றியது. அது அந்தக் கம்பனிக்கே உரிய பலகை. உப்பு ஏறி அது போய்விட்டால் அதே பலகை வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், அதுவரை தொட்டி அறை விளக்கில் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்துபோகும் சொந்தக்காரர் இருந்து, கையில் பணமும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

உண்மையான போட்டி டி5 எனும் மெல்லிய ஒளிர்மின் ரியூபில் கூடுதல் ஒளி தரும் உயர்வெளியீட்டு வகையோடுதான். ஒரு விஷயத்தில் அது இன்றும் எல்ஈடியை வெல்கிறது: ஒளி சமமாகப் பரவும். நான்கு ரியூபும் ஒவ்வொன்றுக்கும் தனி ரிஃப்ளெக்டரும் இருந்தால், தொட்டியின் மூலையில் இருக்கும் முருகைக்கும் நடுவில் இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் இராது. பாறையின் கீழ்ப்பக்கம் இருண்டு போகாது. பெட்டி எல்ஈடியில் வரும் நிறநிறமான நிழல்களும் இதில் இல்லை.

ஆனால் 9 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை நான்கு ரியூபையும் மாற்ற வேண்டும். கண்ணுக்கு நன்றாக எரிவதுபோலவே இருக்கும். ஆனால் ரியூபின் உட்பக்கம் ஒளிரும் பாஸ்பர் பூச்சு தேய்ந்து ஒளியின் அளவு குறையும், நிறமும் நகரும், அடுத்ததாகக் கண்ணாடியில் பாசி ஏறும். மாற்றுவதற்கு வேண்டியவை கடல்தொட்டிக்கென்றே செய்த நீல ரியூப்கள். உடையக்கூடிய நீளக் கண்ணாடி என்பதால் கொண்டுவரும் கூலியே ரியூபின் விலையை எட்டிப்பிடிக்கும். "ஹார்ட்வெயாரில் இதே சைஸ் இருக்கிறதே" என்று போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 24 வாட் உயர்வெளியீட்டு ரியூபும் சாதாரண 14 வாட் டி5 ரியூபும் ஒரே நீளம், 549 மில்லிமீற்றர். அதேபோல 39 வாட்டும் 21 வாட்டும் 849 மில்லிமீற்றர். கொழுவியில் கச்சிதமாகப் பூட்டலாம், எரியவும் செய்யும். ஆனால் உயர்வெளியீட்டு ரியூபுக்கு மின் கொடுக்கும் பலாஸ்ட், சாதாரண ரியூப் தாங்கும் அளவுக்கு மேலே மின்னோட்டத்தை ஏற்றும். முனைகள் சீக்கிரமே கறுக்கும். நிறமோ வீட்டு வெள்ளை நிறம். பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

இனி வரும் காலமும் டி5இன் பக்கம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் பொதுப் பயன்பாட்டுக்கான டி5, டி8 ரியூப்களைச் சந்தைக்கு விடுவதை 2023 ஆகஸ்டில் நிறுத்தியது. பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகளும் அதே ஆண்டில் பொது விளக்குக்கான ஒளிர்மின் ரியூப்களை 2027க்குள் கைவிட முடிவெடுத்தன. பெரிய சந்தை ஒடுங்கும்போது சிறிய சந்தைக்கான சரக்கும் அருமையாகும்.

இப்போது கறுப்புப் பெட்டி. பல பெயர்களில் வரும், உள்ளே எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். "165 வாட்" என்று போட்டிருக்கும். 3 வாட் எல்ஈடி மணிகள் 55 இருப்பதால் வந்த கணக்கு அது. முழுதாக எரியவிட்டாலும் 120 வாட் அளவில்தான் இழுக்கும். நீலம் ஒரு சரம், வெள்ளையும் மற்ற நிறங்களும் இன்னொரு சரம். ஒவ்வொரு சரத்துக்கும் மின் கொடுக்க ஒரு டிரைவர், மேலே 12 வோல்ட் ஃபேன் இரண்டு. ரிமோட்டும் வைஃபையும் உள்ளதை விட்டு, திருகும் குமிழ் இரண்டு உள்ளதையே எடுங்கள். பழுதாக ஒரு பலகை குறைவு. இந்த வகையில் நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனி வயர் வரும், ஆளுக்கொரு டைமர் போட்டுக்கொள்ளலாம்.

இனித் திருத்தும் வேலை. முதலில் போவது ஃபேன். கிறீச்சென்று சத்தம் வரும், பிறகு நிற்கும். பல பெட்டிகளில் சூடு கூடினால் தானாக அணையும் ஏற்பாடு கிடையாது. நின்ற ஃபேனோடு சில கிழமை ஓடினால் மணிகள் ஒவ்வொன்றாகச் சாகும். பிளக்கைக் கழற்றி, பத்து நிமிடம் விட்டு, சுற்றிவர உள்ள நட்சத்திர ஆணிகளைக் கழற்றினால் மூடி வந்துவிடும். ஃபேன் இதழ்களில் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். பழைய பல் பிரஷ்ஷால் துடைத்துப் பாருங்கள். அச்சு இறுகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். பழையதை அளந்து கொண்டுபோனால் அதே அளவு கணினி ஃபேன் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் எடுக்கலாம். இணைக்க வேண்டிய வயர் இரண்டு: சிவப்பு, கறுப்பு. மூன்றாவது வயர் இருந்தால் அது வேகம் பார்ப்பதற்கு, அதை வெட்டி டேப் சுற்றிவிடலாம்.

இரண்டாவது பழுது: ஒரு நிறம் முழுக்க அணைந்துபோவது. பயப்பட வேண்டாம். மணிகள் தொடராகக் கோத்தவை, ஒன்று அறுந்தால் சரமே இருளும். மல்ரிமீற்றரை டயோட் நிலையில் வைத்து, விளக்கு அணைந்திருக்க ஒவ்வொரு மணியின் இரு காலிலும் முனைகளை வையுங்கள். உயிருள்ள மணி மங்கலாக ஒளிரும், செத்தது இருண்டே இருக்கும். பெரும்பாலும் அதன் நடுவில் ஒரு கரும்புள்ளியும் தெரியும். அந்தக் காலிரண்டையும் சிறிய வயர் துண்டால் இணைத்தால் மற்ற மணிகள் எரியும். டிரைவர் மின்னோட்டத்தை மாறாமல் வைப்பது, ஒன்றிரண்டு மணி குறைவதை அது தாங்கும். பிறகு ஆறுதலாக அதே நிற 3 வாட் மணி வாங்கி, அடியில் தெர்மல் பேஸ்ட் தடவி, பற்றவையுங்கள். அலுமினியப் பலகை சூட்டை உறிஞ்சிவிடும், 60 வாட் சோல்டரிங் அயன் இல்லாமல் ஈயம் உருகாது.

எல்லா மணியும் நன்றாக இருந்தும் சரம் எரியாவிட்டால் டிரைவர்தான். அதன் முதுகில் எத்தனை மணிக்கு, எத்தனை மில்லியம்பியர் என்று அச்சடித்திருக்கும். அந்த இரண்டும் பொருந்தும் டிரைவர் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெரு எலக்ட்ரோனிக் கடைகளில் தேட வேண்டிய சாமான். குமிழ் வேலை செய்ய வேண்டுமானால் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வயருள்ள டிரைவராகப் பார்த்து எடுங்கள். ஒரு எச்சரிக்கை: எரியும் சரத்தில் 80 வோல்ட்டுக்கு மேல் நேர்மின் ஓடும். மூடி திறந்திருக்க, கரண்டைக் கொடுத்துவிட்டு உள்ளே கை வைக்கவே கூடாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு பெட்டி ஒழுங்காக மூடுவது ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் சதுரம்தான், 3 அடிக்கு இரண்டு வேண்டும். லென்ஸ் இருப்பதால் நேர் கீழே ஒளி குவியும், ஓரம் மங்கும். அக்ரோபோரா போன்ற கல் முருகைக்கு வேண்டிய 200 முதல் 350 பார் ஒளியை நடுவில் எட்டினாலும் ஓரத்தில் எட்டாது. அந்த வகைக்கு இதை நான் நம்பிச் சொல்ல மாட்டேன். டி5ஓடு சேர்த்துத் தொங்கவிட்டால் சரிவரலாம்.

பலர் இந்தப் பெட்டியைக் குறைசொல்வதற்குக் காரணம் முதல் நாளே இரண்டு குமிழையும் முழுக்கத் திருகுவது. தண்ணீருக்கு மேலே 25 முதல் 30 சென்ரிமீற்றரில் தொங்கவிடுங்கள். நீலம் 30 வீதம், வெள்ளை 10 வீதத்தில் தொடங்கி, கிழமைக்கு 5 வீதத்துக்கு மேல் கூட்டாதீர்கள். நீலம் 50, 60க்கு வந்தாலே மென்முருகைக்குப் பெரும்பாலும் போதும், வெள்ளை 20ஐத் தாண்டத் தேவையில்லை. போனில் உள்ள லக்ஸ் செயலி நீல ஒளியைச் சரியாக அளக்காது. முருகையையே பாருங்கள். சோவாந்திட் தண்டை நீட்டி நீட்டி எழும்பினால் ஒளி போதவில்லை. காளான் முருகை சுருங்கி, விளிம்பு மடிந்து, நிறம் வெளிறினால் கூடிவிட்டது. அதை ஒரு தட்டுக் கீழே இறக்குங்கள், குமிழைக் கொஞ்சம் குறையுங்கள்.

இந்த அளவில் பெட்டி 60 வாட்டுக்குள் இழுக்கும். 8 மணித்தியாலத்துக்கு அரை யூனிட், மாதம் 15 யூனிட். நான்கு 24 வாட் ரியூப், பலாஸ்டோடு சேர்த்து 105 வாட் அளவில் போகும், மாதம் 25 யூனிட். மின் பாவனை கூடிய வீட்டில் இந்தப் 10 யூனிட்டும் உச்சக் கட்டணத்தில்தான் விழும்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. வயர் பிளக்குக்கு ஏறுமுன் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும், அப்போதுதான் வழியும் நீர் அங்கேயே சொட்டும். எர்த் உள்ள மூன்று முனைப் பிளக்காக மாற்றுங்கள், ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பில் கொடுங்கள். பெட்டியைத் தொட்டியின் மேல்மூடியான கனபிக்குள் அடைத்து வைத்தால் ஃபேன் அதே ஈரக்காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும், மேற்பக்கம் திறந்திருக்கட்டும். கீழ்க் கண்ணாடியைக் கிழமைக்கொருமுறை ஆர்ஓ (உப்பு நீக்கி வடிகட்டிய) தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள், உப்புப் படலம் ஒளியை மறைக்கும். டைமர் பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமராக இருக்கட்டும். பல்சக்கர டைமர் கரண்ட் போன நேரமெல்லாம் பின்தங்கி, கடைசியில் நடுச்சாமத்தில் விளக்கை ஏற்றும். விளக்குக்கு இன்வேட்டர் தேவையில்லை. முருகை இரண்டு நாள் இருட்டைத் தாங்கும், நீரோட்டம் நின்றால்தான் தாங்காது. இன்வேட்டரை அலை மோட்டருக்குக் கொடுங்கள்.

பெட்டி வாங்கும் அன்றே ஒரு ஃபேனும், ஒரு டிரைவரும், நீல மணி ஐந்தும் சேர்த்து வாங்கி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள்.