கிளப் யார் கையில்? இங்கிலாந்தின் புதுச் சட்டமும் ஜெர்மனியின் 50+1 விதியும்

1903இல் நடந்த இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தில், பெரி என்ற சின்ன ஊரின் கிளப் டெர்பி கவுண்டியை 6–0 என்று தோற்கடித்தது. அத்தனை கோல் வித்தியாசத்தில் இறுதியாட்டத்தை வெல்வது அதன்பின் 116 ஆண்டுகள் யாருக்கும் வாய்க்கவில்லை. 2019 மே மாதம்தான் மான்செஸ்டர் சிட்டி அந்தச் சாதனையைச் சமன் செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பெரி, லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. கிளப்பை நடத்தப் பணம் இருக்கிறது என்று முதலாளியால் காட்ட முடியவில்லை. எட்டு மாதம் முன்புதான் அவர் அதை ஒரே ஒரு பவுண்டு கொடுத்து வாங்கியிருந்தார்.

இங்கிலாந்தில் கால்பந்துக்கென்று தனிச் சட்டம் வந்ததற்கு ஒரு காரணம் பெரி. இன்னொன்று, 2021 ஏப்ரலில் ஆறு பெரிய ஆங்கிலக் கிளப்புகள் ஐரோப்பிய சூப்பர் லீக் என்று தனிக்கடை போடக் கிளம்பி, ரசிகர்கள் தெருவில் இறங்கியதும் இரண்டே நாளில் பின்வாங்கிய கூத்து. அதே ஆண்டு முன்னாள் விளையாட்டு அமைச்சர் ட்ரேசி க்ரௌச் தலைமையில் ரசிகர்களின் குரலைக் கேட்டு ஓர் ஆய்வறிக்கை வந்தது. முதல் மசோதா 2024 பொதுத்தேர்தலில் காலாவதியானது. புதிய அரசு மறுபடி கொண்டுவந்த மசோதா 2025 ஜூலை 21 அன்று சட்டமானது.

அந்த விவாதம் நடந்த காலம் முழுக்க ஒரு கேள்வி கூடவே வந்தது: ஜெர்மனியைப் பார்த்து அப்படியே செய்தால் என்ன?

ஜெர்மனியின் 50+1 நாடாளுமன்றச் சட்டம் இல்லை, 1998இல் கால்பந்து சங்கம் போட்ட விதி. அதற்கு முன் அங்கே கிளப் என்றால் உறுப்பினர் சங்கம், அவ்வளவுதான். அணியைக் கம்பெனியாக மாற்றி முதலீட்டாளரைச் சேர்க்கலாம் என்று அனுமதித்தபோது, ஓட்டுரிமையில் பாதியும் கூடவே ஒரு ஓட்டும் உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்று கட்டிவைத்தார்கள். பேயர்ன் மியூனிக்கில் அடிடாஸ், ஆடி, அலையன்ஸ் மூன்றும் பங்கு வைத்திருந்தாலும், முக்கால் பங்கு நான்கு லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள் கொண்ட சங்கத்திடம்தான்.

இங்கிலாந்தின் சட்டம் முதலாளியின் நாற்காலியைத் தொடவில்லை. மேலிருந்து ஐந்து அடுக்குகளில் ஆடும் 116 கிளப்புகளும் ஒரு சுதந்திர ஒழுங்குமுறை ஆணையத்திடம் உரிமம் வாங்க வேண்டும். கிளப்பை வாங்க வருகிறவரின் பணம் எங்கிருந்து வந்தது, ஆள் எப்படிப்பட்டவர் என்று ஆணையம் சோதிக்கும். சூப்பர் லீக் மாதிரிப் போட்டிகளில் சேரத் தடை போடலாம். மைதானத்தை விற்கவோ ஊர் மாறவோ ஆணையத்தின் அனுமதி வேண்டும். சின்னத்தையும் சொந்த மைதானத்தில் அணியும் ஜெர்சியின் நிறத்தையும் மாற்ற ரசிகர்களில் பெரும்பான்மையோர் ஒப்ப வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தில் இங்கிலாந்துக்கே என் ஓட்டு. 2012இல் கார்டிஃப் சிட்டியின் மலேசிய முதலாளி நீல ஜெர்சியைச் சிவப்பாக்கினார். நீலக்குருவி என்று பெயரெடுத்த அணி! நீலம் திரும்ப 2015 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2003இல் விம்பிள்டன் கிளப்பை அப்படியே பெயர்த்து மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். கைவிடப்பட்ட ரசிகர்கள் சொந்தமாக ஒரு கிளப் தொடங்கி, அடிமட்டத்திலிருந்து ஏறி, 2020இல் பழைய பேட்டைக்கே திரும்பி வந்தார்கள். அது பெரிய கதை. இந்த இரண்டுமே இனி எளிதில் நடக்காது.

50+1 இருந்தால் கிளப் திவாலாகாது என்று நம் ஊர் ரசிகர்களும் கொஞ்சம் அதிகமாகவே நம்புகிறார்கள். 1860 மியூனிக்கைப் பாருங்கள். 1966 சாம்பியன். 2011இல் முதலீட்டாளர் வந்தார், பங்கு அறுபது சதவீதம், ஓட்டு மட்டும் 49. 2017இல் இரண்டாம் அடுக்கிலிருந்து இறங்கியபோது, மூன்றாம் அடுக்கின் உரிமத்துக்குத் தேவையான பணத்தை அவர் போடவில்லை. நேரே நான்காம் அடுக்கில் போய் விழுந்தார்கள். ஓட்டு சங்கத்திடம் பத்திரமாக இருந்தது, பணப்பெட்டி அவரிடம் இருந்தது. ஜெர்மனியில் கணக்கு வழக்குகளை ஒழுங்காக வைத்திருப்பது, ஒவ்வொரு ஆண்டும் கிளப்பின் நிதியைப் பார்த்து லீக் கொடுக்கும் அந்த உரிமம்தான். ஜெர்மன் முறையில் இங்கிலாந்து இப்போது சட்டத்தால் கொண்டுவருவதும் அந்த உரிமப் பாதியைத்தான்.

ஆனால் சட்டம் வந்துவிட்டது என்பதாலேயே காவல் வந்துவிடாது. 1867இல் பிறந்த ஷெஃபீல்ட் வெட்னஸ்டே, வீரர்களின் சம்பளத்தைப் பலமுறை தாமதித்து, 2025 அக்டோபர் 24 அன்று திவால் நிர்வாகியின் கைக்குப் போனது. 12 புள்ளிகள் வெட்டு. அப்போது சட்டத்துக்கு வயது மூன்று மாதம், உரிம முறை நடைமுறைக்கே வரவில்லை.

சரி, யார் பேச்சு எடுபடுகிறது? இதில் ஜெர்மனி வெகுதூரம் முன்னால். சூப்பர் லீக்கில் பேயர்னும் டோர்ட்முண்டும் சேரவே இல்லை. 2023 டிசம்பரில் ஒளிபரப்பு வருமானத்தில் எட்டு சதவீதத்தை இருபது ஆண்டுக்கு முதலீட்டாளருக்குக் கொடுக்கக் கிளப்புகள் ஓட்டுப் போட்டன. 36இல் 24 ஆதரவு, தேவையான மூன்றில் இரண்டு பங்கு மயிரிழையில் கிடைத்தது. ஹனோவர் கிளப்பின் சங்கம் எதிர்த்து ஓட்டுப் போடச் சொல்லியிருந்தது. அதன் சார்பில் போனவர் எப்படிப் போட்டார் என்று வாயைத் திறக்கவே இல்லை. பிறகு வாரக்கணக்கில் மைதானங்களில், எதிர்ப்புத் தெரிவித்த ரசிகர்கள் எறிந்த டென்னிஸ் பந்து மழை. ஆட்டங்கள் நின்று நின்று நடந்தன. 2024 பிப்ரவரி 21 அன்று லீக் அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

இங்கிலாந்தில் ரசிகரின் இடம் இன்னும் ஆலோசனை மேசைதான். டிக்கெட் விலை பற்றி அவர்களிடம் கேட்க வேண்டும் என்கிறது சட்டம், கேட்டபடி நடக்க வேண்டும் என்று சொல்லவில்லை. க்ரௌச் அறிக்கை, பாரம்பரிய விஷயங்களில் முதலாளியை மறுக்கும் ஒரு 'தங்கப் பங்கை' ரசிகர் அமைப்பிடமே கொடுக்கச் சொன்னது. சட்டம் அந்தக் காவலில் பெரும்பகுதியை ஆணையத்திடம் ஒப்படைத்துவிட்டது. எனக்கு இதில் வருத்தம்தான். ஆணையத்தின் தலைவரை நியமிப்பது அரசு, ரசிகருக்கு அதில் பங்கில்லை.

ஜெர்மனியின் விதியில் ஓட்டை இல்லாமல் இல்லை. மருந்து கம்பெனியின் லெவர்குசனுக்கும் வோக்ஸ்வாகனின் வோல்ஃப்ஸ்பர்குக்கும் விலக்கு உண்டு. டோர்ட்முண்டில் இரண்டு லட்சம் பேருக்கு ஓட்டிருக்க, 2009இல் உருவான லைப்சிக்கில் ஓட்டுள்ள உறுப்பினர்கள் சில டஜன் பேரைத் தாண்டவில்லை. 2025 ஜூனில் அந்நாட்டுப் போட்டி ஆணையமும், விதி சரிதான், ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி அமல்படுத்துங்கள் என்று கருத்துச் சொன்னது.

அதற்காக இங்கிலாந்து 50+1-ஐ நாளைக்கே போட்டுவிட முடியாது. முதலாளிகள் கோடிகோடியாகக் கொட்டி வாங்கிய பங்குகளின் ஓட்டைப் பறித்தால் நஷ்டஈடு யார் கொடுப்பது? அது மட்டுமில்லை. 2021 அக்டோபரில் சவூதி அரசின் நிதியம் நியூகாசிலின் 80 சதவீதத்தை வாங்கியபோது, மைதானத்துக்கு வெளியே ரசிகர்கள் ஆடிப்பாடிக் கொண்டாடினார்கள். அன்று அவர்கள் கையில் ஓட்டு இருந்திருந்தாலும் அந்த விற்பனை நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.