பார்க் ஸ்லோப் கூட்டுறவுக் கடை: உழைக்கிறவருக்கே காய்கறி

நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில், யூனியன் தெரு 782ஆம் எண்ணில் இருக்கிற இந்த மளிகைக் கடையில், கை நிறையக் காசு வைத்திருந்தாலும் வெளியாள் ஒருவருக்கு ஒரு வெங்காயம்கூடக் கிடைக்காது. உறுப்பினராகச் சேர வேண்டும். சேர்ந்தபின் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இரண்டே முக்கால் மணி நேரம் கடையில் வேலை செய்ய வேண்டும். மருத்துவருக்கும் சரி, வாடகைக் கார் ஓட்டுகிறவருக்கும் சரி, கணக்கு ஒன்றுதான். இந்த விதிக்காகவே எனக்கு இந்தக் கடையின்மேல் அவ்வளவு மதிப்பு.

1973இல் அக்கம்பக்கத்தார் சிலர் கூடித் தொடங்கியது. இன்று 15,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். வேலையில் முக்கால்வாசியை அவர்களே பார்த்துவிடுவதால் சம்பளச் செலவு குறைகிறது. கொள்முதல் விலைக்குமேல் சுமார் 25 சதவீதம் மட்டும் வைத்து விற்கக் கட்டுப்படியாகிறது. கீரை, பருப்பு, உலர்பழம், பாலாடைக்கட்டி வாங்குகிறவர்களுக்கு இது பெரிய லாபம். நாள்தோறும் வீட்டில் சமைப்பவர் என்றால் தயங்காமல் சேரலாம். வெளியில் சாப்பிடுவதே அதிகம் என்றால் அந்த உழைப்புக்கு ஈடாக ஒன்றும் மிஞ்சாது.

எனக்கு விருப்பமான வேலை நிலவறையில். மொத்தமாக வரும் சீரகம், மஞ்சள்தூள், மிளகு எல்லாவற்றையும் சிறு பைகளில் அள்ளிப் போட்டு, எடை பார்த்து, விலைச்சீட்டு ஒட்ட வேண்டும். தலைக்குத் துணி, கைக்கு உறை. கொத்தமல்லி மூட்டையைப் பிரித்ததுமே புதுச்சரக்கா, பழையதா என்று மூக்கு சொல்லிவிடும். "இந்த விதையை என்ன செய்வீர்கள்?" என்று பக்கத்தில் பாலாடைக்கட்டி வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருமுறை கேட்டார். துவரம்பருப்பு, மிளகு, மிளகாயோடு வறுத்து ரசப்பொடி அரைக்கும் பக்குவத்தைச் சொன்னேன். விலைச்சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார். காசு கொடுத்துப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் கடையில் இப்படிப்பட்ட பேச்சுக்கு வழியே இல்லை.

இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். ஆரஞ்சு நிற மேலுடுப்பு அணிந்த உறுப்பினர், நாம் வாங்கிய சாமான்களோடு ரயில் நிலையம் வரையோ கார் வரையோ கூடவே நடந்து வந்து, காலி வண்டியைத் திரும்பத் தள்ளிக்கொண்டு போவார். முதியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் இதைவிட நல்ல உதவி எந்தக் கடையில் கிடைக்கும்?

மாதந்தோறும் பொதுக்கூட்டம் நடக்கிறது. பாட்டில் தண்ணீர் விற்பதை நிறுத்தியது, சாமான்களைத் தூக்கிப் போகக் கொடுத்துவந்த பிளாஸ்டிக் பைகளை ஒழித்தது போன்றவையெல்லாம் உறுப்பினர்கள் வாதாடி எடுத்த முடிவுகள். 2012 மார்ச்சில் இஸ்ரேலியப் பொருள்களைப் புறக்கணிப்பது பற்றி உறுப்பினர் அனைவரிடமும் வாக்கெடுப்பு நடத்தலாமா என்ற கேள்வி வந்தபோது, பள்ளி அரங்கம் ஒன்றில் கூடி 1,005க்கு 653 என்ற கணக்கில் வேண்டாம் என்று முடிவுசெய்தார்கள். தோற்ற தரப்புக்கு அது கசந்திருக்கும். ஆனாலும் அலமாரியில் எது இருக்க வேண்டும் என்பதை வாங்குகிறவர்களே எழுந்து நின்று பேசி முடிவெடுக்கும் மளிகைக் கடை அபூர்வம்.

ஒரு விதியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஒரே வீட்டில் சேர்ந்து சாப்பிடும் பெரியவர்கள் அத்தனை பேரும் உறுப்பினராகி உழைக்க வேண்டும். ஒருவர் பெயரில் சேர்ந்து நான்கு பேர் அனுபவித்துவிடக் கூடாது என்ற நியாயம் புரிகிறது. ஆனால் இரண்டு இடங்களில் வேலை பார்த்துப் பிழைக்கிறவருக்கு இரண்டே முக்கால் மணி நேரம் சின்ன விஷயமல்ல. குறைந்த வருமானக்காரர்களுக்குக் கட்டணத்தில் சலுகை கொடுக்கிற கூட்டுறவு, அவர்களுடைய நேரத்திலும் சலுகை காட்டலாம். மலிவான நல்ல சாப்பாடு அவர்களுக்குத்தானே முதலில் தேவை?

சேர்வதற்கு 25 டாலர் கட்டணம், 100 டாலர் முதலீடு. முதலீடு விலகும்போது திரும்பக் கிடைக்கும். வார நாட்களில் காலையில் போனால் நெரிசல் இல்லாமல் வாங்கலாம். இட்லி அரிசிக்கும் முருங்கைக்காய்க்கும் மட்டும் நான் இந்தியக் கடைகள் நிறைந்த ஜாக்சன் ஹைட்ஸ் பகுதிக்குத்தான் போகிறேன்.