போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் ரெண்டையும் பதிமூணு வருஷமா ஓட்டறேன், செக்யூரிட்டி விஷயத்துல நான் பார்த்தது

2012ல இருந்து டேட்டாபேஸ் சர்வர் பார்த்துக்கறது தான் என் வேலை. போஸ்ட்கிரெஸ் 9.1ல ஆரம்பிச்சு இப்ப 17 வரைக்கும், மைஎஸ்க்யூஎல் 5.5ல ஆரம்பிச்சு 8.4 வரைக்கும் வந்தாச்சு. ஸ்பீடு எப்படி, ரெப்ளிகேஷன் எப்படின்னு எழுதறவங்க நிறைய பேர் இருக்காங்க, நல்லாவும் எழுதறாங்க, நான் அதுக்குள்ள போகல. செக்யூரிட்டி ஓட்டை எந்த டேட்டாபேஸா இருந்தாலும் வரும், வராம இருக்கவே இருக்காது. வந்த ஓட்டைய அதைச் செஞ்சவங்க நம்மகிட்ட எப்படி சொல்றாங்க, ராத்திரி பதினோரு மணிக்கு அந்த நோட்டீஸ படிக்கற ஆளு "இப்பவே சர்வர நிறுத்தணுமா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்குமா"ன்னு முடிவு பண்ற அளவுக்கு அதுல விஷயம் இருக்கா, இதை வச்சு தான் இத்தனை வருஷத்துல ஒரு டேட்டாபேஸ் மேல எனக்கு நம்பிக்கை கூடினதும் குறைஞ்சதும்.

வேலைக்கு சேர்ந்த புதுசு, 2012 ஜூன். மைஎஸ்க்யூஎல்லயும், அதோட கோட்ல இருந்து பிரிஞ்சு வந்த மரியாடிபிலயும் ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு, சிவிஇ 2012-2122 (சிவிஇன்னா ஒவ்வொரு ஓட்டைக்கும் குடுக்கற பொது அடையாள நம்பர்). மரியாடிபில இருந்த செர்கெய் கோலுப்சிக் தான் அதை விளக்கி எழுதினாரு. நாம குடுக்கற பாஸ்வேர்ட்ல இருந்து வர்ற ஹாஷையும் (பாஸ்வேர்ட கணக்கு போட்டு மாத்தின எழுத்து வரிசை) உள்ள இருக்கற ஹாஷையும் மெம்சிஎம்பின்னு ஒரு ஃபங்ஷன வச்சு சர்வர் ஒப்பிட்டு பார்க்கும், ரெண்டும் ஒண்ணுன்னா 0 வரும், இல்லன்னா வேற நம்பர் வரும். அந்த நம்பர ஒரே ஒரு பைட்ல வாங்கி வச்சிருந்தாங்க. சில லினக்ஸ்ல அந்த ஃபங்ஷன் ஒரு பைட்ல அடங்காத பெரிய நம்பர கூட திருப்பி தரும், அதோட கடைசி எட்டு பிட் மட்டும் 0வா அமைஞ்சிட்டா தப்பான பாஸ்வேர்ட் கூட சரின்னு ஆயிடும். 256 தடவைக்கு ஒரு தடவை அப்படி அமைய வாய்ப்பு இருக்கு. ஒவ்வொரு தடவையும் ரேண்டமா ஒரு ஸ்ட்ரிங் சேர்த்து ஹாஷ் பண்றதால அதே தப்பான பாஸ்வேர்ட திரும்ப திரும்ப அடிச்சாலே போதும், மாத்தி மாத்தி யோசிக்க கூட வேண்டாம்.

ஒரு டெஸ்ட் மெஷின்ல, 64 பிட் உபுண்டு, நானே ஒரு வரி லூப் எழுதி ரூட் யூசர்ல சும்மா ஏதோ ஒரு பாஸ்வேர்ட குடுத்து ஓட்டினேன். ஸ்கிரீன் முழுக்க "ஆக்சஸ் டினைடு, ஆக்சஸ் டினைடு"ன்னு ஓடிட்டே இருந்துச்சு, திடீர்னு நின்னுச்சு, பார்த்தா மைஎஸ்க்யூஎல் பிராம்ப்ட் வந்து நிக்குது. சில செகண்ட் தான். அந்த நிமிஷம் வயித்துல ஏதோ பண்ணின மாதிரி இருந்தது இன்னும் ஞாபகம் இருக்கு. இதுல முக்கியமான விஷயம், சரி பண்ணின 5.5.24 வெர்ஷன் அதுக்கு முன்னாடியே வந்திருந்துச்சு, நாங்க அதை சாதாரண அப்டேட்னு நினைச்சு அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு விட்டிருந்தோம். கோலுப்சிக் எழுதினத படிச்ச அப்புறம் தான் எந்த பில்டு மாட்டும் எந்த பில்டு மாட்டாதுன்னே தெரிஞ்சுது, அன்னைக்கு சாயங்காலமே எல்லா சர்வருக்கும் போட்டு முடிச்சோம்.

அதுல இருந்து மைஎஸ்க்யூஎல்லோட செக்யூரிட்டி நோட்டீஸ ஒண்ணு விடாம படிக்கறேன். ஆரக்கிள் வருஷத்துக்கு நாலு தடவை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்ல, மொத்தமா ஒரு பெரிய டேபிள் வெளியிடுவாங்க. மைஎஸ்க்யூஎல்லுக்கு மட்டுமே அதுல வரிசையா நிறைய சிவிஇ இருக்கும். பக்கத்துல "ஆப்டிமைசர்", "இன்னோடிபி", "ரெப்ளிகேஷன்"னு பகுதியோட பேரு, எவ்வளவு ஆபத்துன்னு ஒரு மார்க்கு, அப்புறம் அதிக உரிமை உள்ள யூசர் நெட்வொர்க் வழியா வந்து சர்வர ஹேங் ஆக்கலாம்ங்கற ஒரே அச்சுல வார்த்த மாதிரி வாக்கியம். எந்த மாதிரி குவெரி, எந்த செட்டிங் ஆன்ல இருந்தா, தற்காலிகமா எதையாவது அணைச்சு வச்சா தப்பிக்கலாமா, எதுவும் இருக்காது. நியாயமா சொன்னா அதுல பெரும்பாலானது லாகின் வச்சிருக்கற யூசர் சர்வர க்ராஷ் பண்ற வகை தான், வெளி ஆளு நேரா உள்ள வர்ற வகை கம்மி. ஆனா எது எந்த வகைன்னு பிரிச்சு பார்க்க அந்த மார்க்க மட்டும் தான் நம்பணும். விவரம் சொன்னா திருடனுக்கு உதவியா போயிடும்னு அவங்க பக்கம் ஒரு காரணம் இருக்கலாம், ஆனா திருடன் பழைய வெர்ஷனையும் புது வெர்ஷனையும் பக்கத்துல வச்சு எது மாறிச்சுன்னு பார்த்து கண்டுபிடிச்சுக்குவான், பத்து சர்வர வச்சுட்டு தனியா நிக்கற என்னால தான் அது முடியாது.

போஸ்ட்கிரெஸ் பக்கம் 2013 ஏப்ரல்ல நடந்தத சொல்றேன், வித்தியாசம் அப்ப தான் எனக்கு புரிஞ்சுது. ஒரு வாரம் முன்னாடியே "ஏப்ரல் 4 வியாழக்கிழமை பெரிய செக்யூரிட்டி ரிலீஸ் வருது, எல்லாரும் நேரம் ஒதுக்கி வைங்க"ன்னு சொல்லிட்டாங்க. அந்த ஒரு வாரம் சோர்ஸ் கோட வெளிய பார்க்க முடியாத மாதிரி நிறுத்தியும் வச்சிருந்தாங்க. அன்னைக்கு 9.2.4, 9.1.9, 9.0.13 எல்லாம் வந்துச்சு, கூடவே கேள்வி பதில் மாதிரி ஒரு முழு விளக்கமும் வந்துச்சு. சிவிஇ 2013-1899. கனெக்ட் பண்றப்ப டேட்டாபேஸ் பேர "-" குறில ஆரம்பிக்கற மாதிரி குடுத்தா சர்வர் அதை பேரா எடுத்துக்காம கமாண்ட் லைன் ஆப்ஷனா எடுத்துக்கும். "-ஆர்"னு ஒரு ஆப்ஷன் இருக்கு, எரர் மெசேஜ எல்லாம் சொன்ன ஃபைல்ல கொண்டு போய் எழுதும். அந்த ஃபைல் நம்ம டேட்டா டைரக்டரில இருக்கற டேபிள் ஃபைலா இருந்தா, டேபிளோட கடைசில எரர் மெசேஜ் போய் ஒட்டிக்கும், டேபிள் கெட்டுப் போச்சு. பாஸ்வேர்ட் தேவையே இல்ல, போஸ்ட்கிரெஸோட நெட்வொர்க் வாசலான போர்ட் 5432 எட்டினா போதும். கண்டுபிடிச்சது ஜப்பான்ல என்டிடி நிறுவனத்தோட ஓப்பன் சோர்ஸ் சென்டர்ல இருந்தவங்க.

இது மைஎஸ்க்யூஎல் ஓட்டைய விட சின்னது இல்ல, சொல்லப் போனா பயங்கரமானது. ஆனா எனக்கு பதட்டம் வரல, ஏன்னா எந்த சர்வர முதல்ல பார்க்கணும்னு அந்த விளக்கத்திலயே இருந்துச்சு. நெட்வொர்க்ல வெளிய தெரியற மூணு சர்வர அன்னைக்கே முடிச்சோம், உள்ள இருந்தத ரெண்டு நாள் கழிச்சு முடிச்சோம்.

இனி என் கை தப்ப சொல்லணும், அதை மறைச்சுட்டு இந்த அனுபவத்த எழுதறது நேர்மையா இருக்காது. முன்னாடி வேலை பார்த்த இடத்துல ஒரு ஸ்டேஜிங் சர்வர், அதாவது நிஜ யூசருக்கு போறதுக்கு முன்னாடி சோதிச்சு பார்க்கற சர்வர், அதுல டாக்கர்ல, அதாவது கன்டெய்னர்னு ஒரு தனி பெட்டிக்குள்ள, போஸ்ட்கிரெஸ். 5432 மூடியிருக்குன்னு யுஎஃப்டபிள்யூங்கற ஃபயர்வால் டூலோட ஸ்டேட்டஸ் தெளிவா காட்டுது, நானும் அதை பார்த்துட்டு நிம்மதியா இருந்தேன். எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசரோட பாஸ்வேர்ட் "போஸ்ட்கிரெஸ்" தான், ஸ்டேஜிங் தானேன்னு. டாக்கர்ல போர்ட வெளிய திறந்தா அது லினக்ஸோட அடிப்படை ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸ்ல தன்னோட ரூல தானே போட்டுக்கும், யுஎஃப்டபிள்யூ போட்ட ரூல் வரைக்கும் பாக்கெட் போகவே போகாது, இது எனக்கு அன்னைக்கு தெரியாது. ஒரு திங்கக்கிழமை காலைல சர்வர் ரொம்ப ஸ்லோன்னு டெஸ்டர் சொல்றாங்க, டாப் போட்டு பார்த்தா கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐனு ஒரு பிராசஸ் எல்லா கோரையும் முழுசா தின்னுட்டு இருக்கு. யூசர் பேரு வர்ற கட்டத்துல பேரே இல்ல, 999னு நம்பர் தான் இருக்கு, அது கன்டெய்னருக்குள்ள இருக்கற போஸ்ட்கிரெஸ் யூசரோட ஐடி. கில் பண்ணா ஒரு நிமிஷத்துல திரும்ப வருது, ஏன்னா கின்சிங்னு இன்னொரு பிராசஸ் பக்கத்துல உக்காந்து அதை காவல் காக்குது. நம்ம சர்வர வச்சு கிரிப்டோ காயின் தோண்டற மைனர்.

லாக எடுத்து பின்னாடி பின்னாடி போனேன். ஆயிரக்கணக்குல "பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் ஃபெயில்டு", அப்புறம் அது நின்னு போகுது. கொஞ்சம் கீழ "காப்பி ஃப்ரம் புரோகிராம்"னு ஒரு கமாண்ட், அதுக்குள்ள அர்த்தமே இல்லாத நீளமான எழுத்து வரிசை, அதை டீகோட் பண்ணா ஷெல் ஸ்கிரிப்ட். சூப்பர்யூசரா உள்ள வந்துட்டா ஆபரேட்டிங் சிஸ்டம் கமாண்டையே ஓட்ட முடியும்ங்கறது போஸ்ட்கிரெஸ்ல 9.3ல இருந்தே இருக்கற வசதி. 2019ல இதுக்கு யாரோ ஒரு சிவிஇ நம்பரே வாங்கிட்டாங்க, போஸ்ட்கிரெஸ் டீம் "இது ஓட்டை இல்ல, வேணும்னே வச்ச வசதி, சூப்பர்யூசர் கணக்க யாருக்கும் குடுக்காதீங்க"ன்னு பதில் சொன்னாங்க. அடி வாங்கினவன்ங்கற முறைல சொல்றேன், அவங்க சொன்னது சரி தான்.

மைனர் கூட எனக்கு பெரிய விஷயமா படல. அதுக்கு முந்தின மாசம் ஒரு பக் எப்படி வருதுன்னு பார்க்கறதுக்காக நிஜ யூசர் பயன்படுத்தற ப்ரொடக்ஷன்ல இருந்து ஒரு டேபிள அந்த ஸ்டேஜிங்ல காப்பி பண்ணி வச்சிருந்தோம், நிஜ ஆளுங்களோட பேரும் ஃபோன் நம்பரும் அதுல இருந்துச்சு. எடுத்தாங்களா இல்லையான்னு லாக்ல தெரியல. தெரியாதப்போ எடுத்துட்டாங்கன்னு தான் வச்சுக்கணும்னு மேனேஜர்கிட்ட நானே போய் சொன்னேன், அவரும் அப்படியே எடுத்துக்கிட்டு சம்பந்தப்பட்டவங்களுக்கு தகவல் குடுத்தாரு. அதுக்கப்புறம் டாக்கர்ல நான் எங்க போர்ட் எழுதினாலும் முன்னாடி அந்த மெஷினுக்குள்ள இருந்து மட்டும் எட்டற 127.0.0.1 போடாம எழுதறதில்ல, வெளில இருந்து வேற ஒரு மெஷின்ல உக்காந்து எந்த போர்ட் திறந்திருக்குன்னு காட்டற என்மேப் அடிச்சு பார்க்காம எந்த போர்ட்டும் மூடியிருக்குன்னு யார்கிட்டயும் சொல்றதில்ல.

பாஸ்வேர்ட் ஹாஷ் பத்தியும் சொல்லிடறேன், இதை நிறைய பேர் இன்னும் மாத்தல. போஸ்ட்கிரெஸ்ல பழைய எம்டி5 முறைல உள்ள சேமிச்சிருக்கற ஹாஷ் ஒருத்தர் கைல கிடைச்சாலே போதும், பாஸ்வேர்ட கண்டுபிடிக்காமலே அதை வச்சு லாகின் பண்ணிடலாம். அதாவது ரோல்களோட (லாகின் கணக்குகளோட) எடுத்த பேக்கப் வெளிய போச்சுன்னா அத்தனை கணக்கும் போச்சு. அதுக்கு பதிலான ஸ்க்ராம் முறை 2017ல 10ஆவது வெர்ஷன்ல வந்துச்சு, 14ல டிஃபால்டாவே ஆக்கிட்டாங்க. மாத்தறது செட்டிங் ஒரு வரி தான், ஆனா பழைய ஹாஷ புதுசா மாத்த வழி கிடையாது, ஒவ்வொரு யூசரும் பாஸ்வேர்ட திரும்ப போடணும், அதுக்கு முன்னாடி அப்ளிகேஷன் எல்லாத்துலயும் டிரைவர் ஸ்க்ராம் பேசுமான்னு பார்க்கணும். எங்களுக்கு நாப்பது சொச்சம் கணக்கு, ரெண்டு மாசம் ஆச்சு. மைஎஸ்க்யூஎல் 8.0லயும் இதே கதை தான், புது ஆதென்டிகேஷன் பிளகின் வந்தப்ப பழைய கிளையண்ட் லைப்ரரி எல்லாம் அதை லோட் பண்ண முடியலன்னு எரர் அடிச்சுது, உடனே பாதி பேர் பழைய நேட்டிவ் பாஸ்வேர்டுக்கே திரும்பிட்டாங்க. திரும்பாதீங்க, லைப்ரரிய ஏத்துங்க, 8.4ல பழசு டிஃபால்டா அணைஞ்சு தான் இருக்கும்.

போஸ்ட்கிரெஸ புகழ்ந்துட்டே போறேன்னு நினைக்க வேண்டாம், ஓட்டைய அடைக்க வந்த பேட்சே நம்மள அடிச்ச சம்பவமும் இருக்கு. 2024 நவம்பர் 14, நாங்க அப்ப 16ல இருந்தோம், 16.5 வந்த அன்னைக்கே போட்டேன். மறுநாள் சில ஜாப் எல்லாம் பெர்மிஷன் இல்லன்னு விழுது. ஆல்டர் ரோல்ல ஒரு யூசருக்கு டிஃபால்ட் ரோல் செட் பண்ணி வச்சிருந்தோம், அந்த செட்டிங் வேலை செய்யாம போயிடுச்சு, ஒரு செக்யூரிட்டி ஓட்டைய அடைச்சதோட பக்க விளைவு. சில எக்ஸ்டென்ஷன் வச்சிருந்தவங்களுக்கு இன்னும் மோசம், உள்ளுக்குள்ள ஒரு ஸ்ட்ரக்சரோட அளவு மாறினதால திரும்ப கம்பைல் பண்ண வேண்டி வந்துச்சு. என்ன தப்பாச்சு, யாருக்கு பாதிப்புன்னு வெளிப்படையா எழுதி, சரியா ஒரு வாரத்துல, 21ஆம் தேதி 16.6 விட்டாங்க. அதுல இருந்து நான் மூணு நாள் ஸ்டேஜிங்ல ஓட்டிட்டு தான் ப்ரொடக்ஷனுக்கு போறேன். மூணு நாள், மூணு மாசம் இல்ல. 2003 ஜனவரில மைக்ரோசாஃப்ட்டோட எஸ்க்யூஎல் சர்வர தாக்கின எஸ்க்யூஎல் ஸ்லாமர்னு, தானா பரவற 376 பைட் வார்ம், பத்தே நிமிஷத்துல உலகம் முழுக்க மாட்டக்கூடிய சர்வர்ல 90 சதவீதத்த பிடிச்சுது, அதுக்கான பேட்ச மைக்ரோசாஃப்ட் ஆறு மாசம் முன்னாடியே குடுத்தாச்சு.

2025 ஆகஸ்ட்ல வந்தது என் தினசரி வேலைலயே கை வச்சுது. சிவிஇ 2025-8714, டேட்டாபேஸ ஃபைலா காப்பி எடுக்கற பிஜி டம்ப்ல. நாம டம்ப் எடுக்கற சர்வரோட சூப்பர்யூசர் கெட்டவனா இருந்தா டம்ப் ஃபைல்குள்ள போஸ்ட்கிரெஸோட கமாண்ட் டூலான பிஎஸ்க்யூஎல்லோட கமாண்ட ஒளிச்சு வைக்கலாம், நாம அதை ரீஸ்டோர் பண்றப்ப நம்ம மெஷின்ல நம்ம கணக்குல அது ஓடும். இத்தனை வருஷமா கிளையண்ட் அனுப்பற டம்ப் ஃபைல என் லேப்டாப்ல கண்ண மூடிட்டு ஏத்தியிருக்கேன், ஒரு தடவை கூட அதை ஓடற புரோகிராமா நான் பார்த்ததில்ல. இப்ப டம்போட தலைல "ரெஸ்ட்ரிக்ட்"னு ஒரு வரியும் ஒரு ரேண்டம் சாவியும் வருது, பழைய பிஎஸ்க்யூஎல் அதை பார்த்து தெரியாத கமாண்டுன்னு எரர் குடுக்கும், ஸ்கீமாவ (டேபிள் அமைப்ப) மாற்றங்கள பதிவு பண்ற கிட்ல வச்சிருக்கறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் சும்மாவே ரெண்டு வரி மாறின மாதிரி காட்டும். சாவிய நாமளே குடுக்க ஒரு ஆப்ஷன் இருக்கு, கிட்டுக்கு போற டம்புக்கு மட்டும் அதை போட்டுக்கங்க. கிளையண்ட் டம்ப இப்ப தனி கன்டெய்னர்ல, நெட்வொர்க் இல்லாம தான் ஏத்தறேன்.

போஸ்ட்கிரெஸ் 15ல பப்ளிக் ஸ்கீமாங்கற பொது இடத்துல எல்லாரும் டேபிள் உருவாக்கற உரிமைய எடுத்துட்டாங்கன்னு நம்பி உக்காந்திருக்கறவங்க ஒரு தடவை செக் பண்ணுங்க. இந்த உரிமையால 2018ல வெளிவந்த பிரச்சனைக்கு அப்ப இருந்து வழிகாட்டி மட்டும் தான் இருந்துச்சு, 15ல தான் டிஃபால்ட மாத்தினாங்க, அதுவும் புதுசா உருவாக்கற டேட்டாபேஸுக்கு மட்டும். பழசுல இருந்து அப்கிரேட் ஆகி வந்ததுல பழைய உரிமை அப்படியே கூட வரும். எங்களுக்கு அஞ்சு டேட்டாபேஸ்ல அப்படி இருந்துச்சு, உரிமைய பறிக்கற ரிவோக் கமாண்ட் அடிக்க ஒரு நிமிஷம் தான் ஆச்சு.

இப்பவும் போஸ்ட்கிரெஸ் அப்டேட் வர்ற பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் ரெண்டாவது வியாழன் காலண்டர்ல மார்க் பண்ணி வச்சிருக்கேன், அந்த வாரம் வேற மெயின்டனன்ஸ் எதுவும் எடுத்துக்க மாட்டேன். மைஎஸ்க்யூஎல்ல புது வேலை எதுவும் ஆரம்பிக்கறதில்ல, இருக்கறத 8.4ல வச்சு, ஆரக்கிளோட டேபிள் வந்தா எந்த வரி எதுன்னு ஆராயாம மொத்தமா பேட்ச் போட்டுடறேன். ஒரே ஒரு போஸ்ட்கிரெஸ் சர்வர் மட்டும் இன்னும் எம்டி5ல நிக்குது, ஒரு பழைய ரிப்போர்ட் டூலுக்கு ஸ்க்ராம் தெரியல. யார் எங்க இருந்து எப்படி லாகின் பண்ணலாம்னு சொல்ற பிஜி எச்பிஏ ஃபைல்ல அந்த ஒரு ஐபிக்கும் அந்த ஒரு யூசருக்கும் மட்டும் தனி வரி எழுதி, அந்த யூசருக்கு நாலு வியூவ படிக்கற உரிமை மட்டும் குடுத்து வச்சிருக்கேன். டூல் மாறின அன்னைக்கு அந்த வரிய அழிச்சுடுவேன்.