மோண்ட் கியாராவா, பங்சாரா, பிரிக்பீல்ட்ஸா?

கோலாலம்பூரில் கொஞ்சம் வசதியான இடத்தில் வீடு பார்க்கிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வந்து விழும் பெயர் மோண்ட் கியாரா. அடுத்தது பங்சார். கேட்பவர் தமிழராக இருந்தால், "பிரிக்பீல்ட்ஸ் பக்கமே பாரேன், கோயில், கடை எல்லாம் நடந்து போற தூரத்துல இருக்கு" என்று ஏதாவது ஒரு பெரியம்மா கட்டாயம் சேர்த்துச் சொல்லுவார். மூன்றும் ஒன்றுக்கொன்று அதிக தூரமில்லை. ஆனால் குடியிருக்க ஒரு கணக்கு, காசு போட வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது வீட்டு முகவர்களுக்கு வசதி. வாங்குகிறவருக்கு அல்ல.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோண்ட் கியாராவில் வாடகைக்கு இருங்கள். பங்சாரில் கையில் காசு இருந்தால் தரை வீடு, அதாவது அடுக்குமாடி அல்லாமல் சொந்த மண்ணில் நிற்கும் வீடு வாங்குங்கள். பிரிக்பீல்ட்ஸில் வாங்குவதென்றால் நீங்களே குடியிருக்க வாங்குங்கள், விலை ஏறினால் அது போனஸ்.

மோண்ட் கியாரா 1990களில் உருவெடுத்த இடம். அதற்கு முன் செகாம்புட் பக்கத்து ரப்பர் தோட்ட மேடு. சன்ரைஸ் நிறுவனம் பைன்ஸ் போன்ற கொண்டோக்களில், அதாவது வசதியான அடுக்குமாடிகளில் தொடங்கி, வெளிநாட்டுக் குடும்பங்களைக் குறிவைத்தே அந்த ஊரை வளர்த்தது. பெரிய பெரிய வீடுகள், நீச்சல் குளம், காவலாளி, பக்கத்திலேயே கார்டன் இன்டர்நேஷனல், மோண்ட் கியாரா இன்டர்நேஷனல் என்று பள்ளிகள். ஜப்பானியர், கொரியர், ஐரோப்பியர் வந்தார்கள். அவர்களுக்கேற்ற ரொட்டிக் கடையும் பல் மருத்துவரும் கொரிய மளிகைக் கடையும் பின்னாலேயே வந்தன. நிறுவனம் வாடகையைக் கட்டுகிறது, பிள்ளைகள் பன்னாட்டுப் பள்ளியில் படிக்கிறார்கள் என்றால் இதைவிடச் சௌகரியமான இடம் இந்த நகரில் குறைவு. அதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

குறை என்றால் சாலை. காலை ஏழரைக்கு ஜாலான் கியாராவில் நின்று பார்த்தால் போதும். பள்ளிக்குப் போகும் கார்களும் வேலைக்குப் போகும் கார்களும் ஒரே வட்டச் சாலையில் வந்து முட்டும். ஸ்ப்ரிண்ட், டியூக் நெடுஞ்சாலைகள் பக்கத்தில்தான் இருக்கின்றன, ஆனால் அவற்றை எட்டுவதற்குள் பாதிப் பொறுமை போய்விடும். ரயில் இல்லை. எம்ஆர்டி 3 வட்டப் பாதை மோண்ட் கியாரா வழியாக வரும் என்பது திட்டம். 2025 ஜூலையில் அதற்கு இறுதி ஒப்புதல் கிடைத்தது, முடிப்பதற்கான இலக்கு 2032. விற்பனைக் கூடத்தில் மாதிரிக் கட்டடத்தின் பக்கத்தில் ரயில் படத்தை ஒட்டிவைத்து, ஏதோ அடுத்த மாதமே டிக்கெட் எடுக்கலாம் என்பதுபோலப் பேசுவார்கள். அந்த ரயிலுக்கு இன்றே விலை கொடுக்க வேண்டாம்.

சரி, முதலீட்டுக்கு வருவோம். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1,300 சதுர அடி கொண்டோ, விலை 10 லட்சம் ரிங்கிட், மாத வாடகை 4,500 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 54,000. அதாவது 5.4 விழுக்காடு. விளம்பரத்தில் வருவது இந்த எண்தான்.

இப்போது செலவு. பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 40 சென் என்றால் மாதம் 520 ரிங்கிட். அதன் மேல் பெரிய பழுதுகளுக்கான சேமிப்பாகப் பத்து விழுக்காடு (சிங்க்கிங் ஃபண்ட்), 52. ஆண்டுக்கு 6,864 போயிற்று. ஆள் பிடித்துத் தந்த முகவருக்கு ஒரு மாத வாடகை. ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் இன்னொரு மாத வாடகை. ஏர்கான் சர்வீஸ், குழாய் ஒழுக்கு, காப்புறுதி, நிலவரி, மதிப்பீட்டு வரி எல்லாம் சேர்த்து 4,000 என்று கைச்சிக்கனமாகவே போடுவோம். மிச்சம் 34,136. விழுக்காட்டில் 3.4. இதற்கு மேல்தான் வருமான வரி. 9 லட்சம் கடன் வாங்கி வட்டி 4 விழுக்காடு என்றால் முதல் ஆண்டு வட்டி மட்டும் கிட்டத்தட்ட 36,000. வாடகை வந்தும் கையிலிருந்து போடவேண்டியிருக்கும்.

2024க்கு ஊழியர் சேமநிதியான இபிஎஃப் தந்த லாப ஈவு 6.30 விழுக்காடு. சுயமாக ஆண்டுக்கு 1 லட்சம் ரிங்கிட் வரை அதில் போட முடியும். குழாய் ஒழுகாது, வாடகைக்காரரைத் துரத்த வேண்டாம். வீட்டில் பணம் போட நினைக்கும் மலேசியத் தமிழர் யாரும் முதலில் தாண்டவேண்டிய கோடு இதுதான். "வீடு என்றால் விலை ஏறுமே" என்பார்கள். ஏறும், எங்கே ஏறும் என்பதுதான் கேள்வி. மோண்ட் கியாராவில் உங்கள் ஜன்னலுக்கு எதிரே காலி மேடு இருந்தால் அங்கே ஒரு புதுக் கோபுரம் வரும். அதில் இன்னும் அழகான நீச்சல் குளமும் அறைகலன் போட்ட சின்ன வீடுகளும் இருக்கும். உங்கள் வாடகைக்காரர் நடந்தே அங்கே குடிபோய்விடுவார். இங்கே வாடகைக்காரர்களில் பெரும்பாலோர் வேலை ஒப்பந்தத்தில் வந்தவர்கள். நிறுவனம் வீட்டு வாடகைப் படியைக் குறைத்தால் அடுத்த மாதமே வாடகை பேச்சு தொடங்கும்.

பங்சாரும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான். பால்மரம் சீவியவர்களில் பெரும்பகுதி தமிழர். தோட்டம் போய், லக்கி கார்டன், பங்சார் பார்க், பங்சார் பாரு, புக்கிட் பண்டாராயா என்று வரிசை வீடுகள் வந்தன. வக்கீலும் டாக்டரும் பேராசிரியருமாக நடுத்தர வர்க்கம் குடியேறியது. பங்சார் தமிழ்ப்பள்ளி இன்றும் இருக்கிறது. தெலாவி தெருக்களில் காபிக் கடை, புத்தகக் கடை, வாழை இலைச் சாப்பாடு. ஞாயிறு மாலை பள்ளிவாசல் பக்கம் பசார் மாலாம் எனும் இரவுச் சந்தை. அங்கே கார் நிறுத்த இடம் தேடுவது தனி விளையாட்டு.

எல்ஆர்டி ரயில் நிலையத்துக்கும் பங்சார் என்றுதான் பெயர். அதை நம்பித் தெலாவிக்கு நடக்கலாம் என்று கிளம்பாதீர்கள். நிலையம் கீழே ஜாலான் பங்சாரில், கடைத்தெரு மேட்டுக்கு அந்தப் பக்கம். நடுப்பகல் வெயிலில் யாரும் நடப்பதில்லை.

பங்சார் தரை வீட்டின் வாடகைக் கணக்கு பார்த்தால் மோண்ட் கியாராவைவிட மோசம். 18 லட்சத்துக்கு வாங்கி 5,000க்கு வாடகை விட்டால் 3.3 விழுக்காடு, அதுவும் செலவுக்கு முன். வீடு பழையது. கூரை, ஒயரிங், கறையான், இரும்புக் குழாய் என்று வாங்கிய முதல் ஆண்டிலேயே ஒரு பெரிய தொகையை விழுங்கும். வாசலில் தடுப்பு போட்ட தெரு என்றால் குடியிருப்போர் சங்கத்துக்கு மாதச் சந்தா உண்டு. இருந்தும் ஏன் பங்சார் என்கிறேன்? அங்கே நீங்கள் வாங்குவது மண். இன்னொரு வரிசை வீடு கட்ட அங்கே இடமே கிடையாது. பெரும்பாலும் ஃப்ரீஹோல்ட், அதாவது நிரந்தரப் பட்டா. பேரப்பிள்ளை காலம்வரை வைத்திருக்கலாம், இடித்துக் கட்டலாம், பாதியை அலுவலக ஆட்களுக்கு அறை அறையாக விடலாம். கொண்டோவில் ஒரு சுவரை இடிக்கவே நிர்வாகத்திடம் மனு போடவேண்டும். வாடகையை நம்பி வாழ நினைப்பவருக்கு இது ஒத்துவராது. பதினைந்து ஆண்டு காத்திருக்கத் தெம்புள்ள குடும்பத்துக்கு ஒத்துவரும். அவ்வளவு காசு நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். பங்சாரில் கொண்டோவும் உண்டு. ஆனால் அதை வாங்கினால் மோண்ட் கியாராவின் குறைகளைப் பங்சார் விலைக்கு வாங்கியதாகத்தான் ஆகும்.

பிரிக்பீல்ட்ஸ் பற்றித் தமிழ் வாசகருக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆனால் வீடு வாங்கும் கண்ணோடு பார்த்தால் ஊர் வேறு மாதிரித் தெரியும். 2001இல் பழைய ரயில்வே நிலத்தில் கே.எல். சென்ட்ரல் திறந்தது. அன்றிலிருந்து ஒரே தெருவின் ஒரு பக்கம் கண்ணாடிக் கோபுரம், மறுபக்கம் பூக்கடை. எல்ஆர்டி, கேடிஎம், மோனோரயில், விமான நிலையத்துக்கு 28 நிமிட விரைவு ரயில், எல்லாம் ஒரே இடத்தில். எம்ஆர்டிக்கு ஓர் இணைப்பு நடைபாதை. மலேசியக் குடிமகனுக்கு மாதம் 50 ரிங்கிட் மை50 பயண அட்டை இருந்தால் இங்கே கார் இல்லாமலே வாழலாம். கோலாலம்பூரில் இந்த வாக்கியத்தைச் சொல்ல முடிகிற இடங்கள் மிகக் கொஞ்சம். காரின் மாதத் தவணை, டோல், பெட்ரோல், பார்க்கிங் எல்லாம் மிச்சம். வீட்டுக் கணக்கில் யாரும் இதைச் சேர்ப்பதில்லை, சேர்த்தால் பிரிக்பீல்ட்ஸ் பல குடும்பங்களுக்கு ஜெயித்துவிடும்.

ஜாலான் பெர்ஹாலாவில் சக்தி விநாயகர் கோயில், அதே தெருவில் 1894இல் தொடங்கிய பௌத்த மகா விகாரை, டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ். பிள்ளைக்குப் பரதமும் வீணையும் படிக்க வைக்க நினைப்பவர்கள் வாரம் இரண்டு முறை எங்கிருந்தோ கார் ஓட்டி வருகிறார்கள். இங்கே இருந்தால் பிள்ளை நடந்தே போய்விடும். பார்வையற்றோர் சங்கம் இங்கே இருப்பதால் நடைபாதையில் மஞ்சள் தொடுகற்கள் பதித்திருப்பார்கள். அதன் மேலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறவர்களும் உண்டு. அதுவும் பிரிக்பீல்ட்ஸ்தான்.

இரைச்சல் அதிகம், ரயில் சத்தம் இரவிலும் கேட்கும், தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பிருந்தே தெருவில் கார் நகராது. நிலத்தின் மேல் எல்லாருக்கும் கண். 2014இல் விவேகானந்தா ஆசிரமத்தைச் சுற்றி அடுக்குமாடி எழுப்பும் திட்டம் வந்தபோது கிளம்பிய எதிர்ப்பு நினைவிருக்கும். அந்தக் கட்டடம் பின்னர் பாரம்பரியச் சின்னமானது, ஆனால் பக்கத்து மனைகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இங்கே பழைய அடுக்குமாடியில் வாங்கினால் பட்டாவை முதலில் பாருங்கள். லீஸ்ஹோல்டாக, அதாவது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான குத்தகைப் பட்டாவாக இருந்து மிச்ச ஆண்டுகள் குறைவாக இருந்தால் வங்கி கடன் தரத் தயங்கும், உங்களிடமிருந்து வாங்கப்போகிறவருக்கும் அதே பாடுதான். கே.எல். சென்ட்ரலை ஒட்டிய புதிய வீடுகளுக்கு வாடகைக்காரர் கிடைப்பது எளிது. தமிழ்நாட்டிலிருந்து வரும் ஐடி பிள்ளைகள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து எடுப்பார்கள். விலையும் அதற்குத் தக்கபடிதான் இருக்கும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடு பாதியிலேயே முடிந்துவிடும். கோலாலம்பூரில் அவர்கள் வாங்கும் வீட்டின் விலை பொதுவாக 10 லட்சம் ரிங்கிட்டுக்குக் கீழே இருக்கக்கூடாது. அந்த விலைக்கு முத்திரை வரியாகக் குடிமகன் கட்டுவது 24,000. வெளிநாட்டவருக்கு 2024இல் ஒரே விகிதமாக 4 விழுக்காடு வைத்தார்கள், 2026 ஜனவரி முதல் அது 8. அதாவது 80,000. விற்கும்போது ஐந்து ஆண்டுக்குள் என்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி, அதன் பிறகும் 10. குடிமகனுக்கு ஆறாம் ஆண்டிலிருந்து இந்த வரி கிடையாது. வாடகையிலும், வரிக் கணக்கில் இங்கே வசிக்காதவர் என்றால் 30 விழுக்காடு. இந்தியாவிலிருந்து பணம் கொண்டுவருபவருக்கு ரிசர்வ் வங்கியின் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரம்பு வேறு. இத்தனைக்கும் மேல் மோண்ட் கியாராவில் லாபம் பார்ப்பேன் என்பவரைத் தடுக்க நான் யார்?

உள்ளூர்க்காரருக்கும் ஒன்று உண்டு. மூன்றாவது வீட்டுக் கடனிலிருந்து வங்கி 70 விழுக்காடுதான் தரும். முதல் இரண்டையும் கொண்டோவில் முடக்கிவிட்டால், பிறகு பங்சாரில் நல்ல வீடு கண்ணில் படும்போது கை கட்டிப்போயிருக்கும்.

அப்புறம், எவ்வளவு சொன்னாலும் மோண்ட் கியாராவில்தான் வாங்குவேன் என்பவர்கள் இருப்பார்கள். பிள்ளை இன்னும் பத்து ஆண்டு அங்கேயே படிக்கப்போகிறது என்றால் அதில் நியாயமும் இருக்கிறது. அவர்கள் புதுக் கட்டடத்தின் விற்பனைக் கூடத்துக்குப் போகாமல், பதினைந்து இருபது வயதான சப்சேல் வீடுகளை, அதாவது ஏற்கெனவே ஒருவர் வாங்கி வைத்திருந்து விற்கும் வீடுகளைப் பார்க்கலாம். சதுர அடி தாராளம், அறைகள் விசாலமாக இருக்கும், புதியதைவிட விலை படியும். வணிகப் பட்டாவில் நிற்கும் சர்வீஸ் அபார்ட்மென்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், மதிப்பீட்டு வரி அங்கே கூடுதலாக இருக்கும்.

வீட்டைப் பார்க்கும் முன் லாபியில் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். பராமரிப்புப் பணம் பாக்கி வைத்திருக்கும் வீடுகளின் பட்டியலை அங்கே ஒட்டியிருப்பார்கள். இரண்டு தாள் நிறைய எண்கள் இருந்தால் லிஃப்ட் மாற்றப் பணம் இருக்காது. கீழே கார் நிறுத்தும் இடத்துக்கு இறங்கி உத்தரத்தில் ஈரக்கறை இருக்கிறதா பாருங்கள். இரவு எட்டரைக்கு மறுபடி வந்து எதிர்ச் சாலையில் நின்று எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் இருட்டாக இருந்தால் விலையில் தைரியமாக ஒரு லட்சம் குறைத்துக் கேட்கலாம். முகவர் முகம் சுளிப்பார். ஆனால் மறுநாள் அவரே கூப்பிடுவார்.