ஒரே திரையில் ரேடாரும் வரைபடமும்: 9 அங்குல பிளாட்டரும் 18 அங்குல டோமும்

என் படகில் இருப்பது இரண்டும் சேர்ந்த செட்: கடல் வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டும் பிளாட்டர் திரை, ரேடார் ஆன்டெனாவை உள்ளே வைத்து மூடிய டோம். கடைக்காரர்கள் முதலில் காட்டுவது ஓவர்லேயைத்தான். வரைபடத்தின் கரைக்கோட்டின் மேல் ரேடார் எதிரொலி பிசிறில்லாமல் உட்கார்ந்திருக்கும். பார்க்க அழகுதான். ஒரு பருவம் முழுக்க இந்தச் செட்டை ஓட்டிய பிறகு, இதில் நான் மிகக் குறைவாகத் தொடுவது அதைத்தான். திரையை நடுவில் பிளந்து, இடப்பக்கம் வரைபடம், வலப்பக்கம் கறுப்புப் பின்னணியில் ரேடார் மட்டும். நாள் முழுக்க அப்படியே ஓடுகிறது.

வரைபடம் சொல்வது எப்போதோ யாரோ அளந்து வைத்ததை. சில கடல்களில் அந்த ஆழங்கள் 19ஆம் நூற்றாண்டில் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தவை. திரை எவ்வளவு பளபளத்தாலும் எண் அதே பழைய எண்தான். ரேடார் சொல்வது இந்த நொடியில் எதிரே என்ன நிற்கிறது என்பதை. இரண்டும் முரண்படும் இடத்தில்தான் எனக்கு வேலை. ஒன்றின் மேல் மற்றொன்றைப் பூசிவிட்டால் அந்த முரண் கண்ணுக்குப் படுவதில்லை. மிதவைக் குறியின் மேல் விழுந்திருக்கும் பொட்டு மிதவையா, அதை ஒட்டி நிற்கும் படகா என்று எப்படிச் சொல்வது?

ரேடார் எட்டும் தூரம் 24 கடல் மைல் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நம்ப வேண்டாம். ரேடார் அலை பூமியின் வளைவைத் தாண்டி அதிகம் வளையாது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.2ஆல் பெருக்கினால் அதன் தொடுவானம் கடல் மைலில் கிடைக்கும். என் டோம் தண்ணீரிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆக 4.4 கடல் மைல். எதிரே 25 மீட்டர் உயரமுள்ள கப்பல் வந்தால் அதன் பங்குக்கு 11 சேரும், சுமார் 15 மைலில் தெரியத் தொடங்கலாம். தாழ்வான மீன்பிடிப் படகோ மிக நெருங்கிய பிறகுதான் தெரியும். சிறிய படகுக்கு 24 மைல் என்பது விளம்பரம் மட்டும்தான்.

தூரத்தைவிட முக்கியமானது ரேடார் வீசும் அலைக்கற்றையின் அகலம். அதை யாரும் கொட்டை எழுத்தில் போடுவதில்லை. 18 அங்குல டோமில் அது சுமார் 5 டிகிரி. ஒரு கடல் மைல் தள்ளி அது 160 மீட்டராக விரிந்துவிடுகிறது. அங்கே அருகருகே வரும் இரண்டு படகுகள் ஒரே பொட்டு. இரண்டு அலைதடுப்புச் சுவர்களுக்கு நடுவே உள்ள துறைமுக வாய் அதைவிடக் குறுகலாக இருந்தால், திரையில் வாயே இருக்காது. தடித்த தூரிகையால் இழுத்ததுபோல் முழுச் சுவர்தான் தெரியும். நெருங்க நெருங்கத்தான் திறக்கும். 24 அங்குல டோமில் கற்றை 4 டிகிரிக்கு வந்துவிடுகிறது. கம்பம் எடை தாங்கும் என்றால் திரையைச் சின்னதாக்கி டோமைப் பெரிதாக்குங்கள்.

இந்த ரேடார், அலையை உண்டாக்கும் பழைய மேக்னட்ரான் குழாய் இல்லாமல் குறைக்கடத்தியில் இயங்கும் சாலிட் ஸ்டேட் வகை. பழைய செட் சூடாகி வேலைக்கு வர ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். இது உடனே வருகிறது. பேட்டரியையும் அதிகம் உறிஞ்சுவதில்லை. பக்கத்தில் இருப்பதையும் நன்றாகக் காட்டுகிறது. இந்த விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை சொல்ல வேண்டியது திருகும் குமிழ்களைப் பற்றி. ஒரே ஒரு குமிழ்தான் வைத்திருக்கிறார்கள், அதுவும் ஜூமுக்கு. கெயின் (எதிரொலியைப் பெருக்கும் அளவு), கடல் கிளட்டர், மழை கிளட்டர் (அலையும் மழையும் எழுப்பும் வீண் எதிரொலியை அடக்குபவை) மூன்றும் மெனுவுக்குள் ஒளிந்திருக்கின்றன. ரேடார் வேண்டியிருப்பதே மழையிலும் இருட்டிலும்தான். ஈர விரலுக்கு டச் ஸ்கிரீன் சொன்னபடி கேட்பதில்லை. அலை அடிக்கும்போது மெனுவைத் தோண்டச் சொன்ன வடிவமைப்பாளர் படகில் ஏறியிருப்பாரா என்பதே சந்தேகம். ஆட்டோவில் விட்டால் போதாதா என்பார்கள். அமைதியான நீரில் போதும். குறுக்கலை எழும்பினால் ஆட்டோ அலையோடு சேர்த்து ஃபைபர் படகையும் துடைத்துவிடுகிறது. ஃபைபரும் மரமும் ஏற்கெனவே பலவீனமாகத்தான் எதிரொலிக்கும். நான் கெயினைத் திரையில் லேசாகப் புள்ளி தூவும்வரை ஏற்றிவிட்டு, கடல் கிளட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவேன். நடுவில் சில அலைப்பொட்டுகள் மிச்சம் இருக்க வேண்டும். துடைத்துவிட்டாற்போல் சுத்தமான திரை என்றால் எனக்குப் பயம்.

டாப்ளர் நிறம், அதாவது நெருங்கும் வேகத்தை எதிரொலியிலிருந்து கணித்துப் பொட்டுக்கு நிறம் தருவது, நல்ல வசதி: நம்மை நோக்கி வருவது சிவப்பாகிறது. ஆனால் குறுக்கே கடப்பதற்கு நிறம் வராது, ஏனென்றால் அந்தக் கணத்தில் தூரம் பெரிதாக மாறுவதில்லை. நிறமில்லை என்றால் ஆபத்தில்லை என்று பொருளில்லை. அதற்குப் பழைய வழிதான்: நம் படகிலிருந்து திரையில் இழுக்கும் திசைக்கோட்டைப் பொட்டின் மேல் வைத்துவிட்டு, நம் போக்கை மாற்றாமல் பார்த்துக்கொண்டிருப்பது. பொட்டு கோட்டை விட்டு விலகாமல் நம்மை நோக்கி நழுவி வந்தால் மோதல் பாதை. 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளில் 7ஆவது விதி, அரைகுறை ரேடார் தகவலை வைத்து எதையும் ஊகிக்கக் கூடாது என்று தனியாகவே சொல்கிறது. 1956 ஜூலை 25 இரவில் ஆண்ட்ரியா டோரியா, ஸ்டாக்ஹோம் என்ற பயணிகள் கப்பல்கள் ஒன்றையொன்று ரேடாரில் பார்த்துக்கொண்டேதான் வந்து மோதின. 51 பேர் இறந்தார்கள்.

தலைத்திசை சென்சாரைத் தனியாக விற்கிறார்கள். எரிச்சலான விஷயம்தான், ஆனாலும் வாங்காமல் இருக்காதீர்கள். அது இல்லாவிட்டால் பிளாட்டர் ஜிபிஎஸ் காட்டும் நகர்வுத் திசையையே படகின் முகம் என்று எடுத்துக்கொள்ளும். பக்கவாட்டில் நீரோட்டம் தள்ளும்போது இரண்டும் ஒன்றல்ல. ரேடார் படம் முழுவதும் வரைபடத்திலிருந்து திரும்பி நிற்கும். நான் ஓவர்லேயைப் போடுவது இதைச் சரிபார்க்க மட்டுமே: கரை கரையின் மேல் விழுகிறதா என்று ஒரு பார்வை, உடனே அணைத்துவிடுவேன்.

வரைபடப் பக்கத்துக்கு வருகிறேன். வேகம் நன்றாக இருக்கிறது, நல்ல வெயிலிலும் எழுத்து படிக்க முடிகிறது. ஜூமில் மட்டும் கவனம் வேண்டும். வெக்டர் வரைபடம் (ஜூமுக்கு ஏற்பத் திரையில் புதிதாக வரையப்படும் வகை) வெளியே இழுக்க இழுக்க விவரத்தை உதிர்த்துவிடும்; பாறைத்திட்டும் அந்த உதிரலில் போகும். 2014 நவம்பர் 29 அன்று உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் பந்தயமான வோல்வோ ஓஷன் ரேஸில் டீம் வெஸ்டாஸ் விண்ட் படகு இந்தியப் பெருங்கடலின் கார்கடோஸ் கராஹோஸ் திட்டில் மோதி ஏறியது. அவர்கள் பார்த்த ஜூமில் அந்தத் திட்டின் அபாயம் தெரியவில்லை. உயிர்ச்சேதம் இல்லை. உலகத்தரம் வாய்ந்த குழுவுக்கே இந்த கதி. விவர அளவு இதில் 'நடுத்தரம்' என்றுதான் வருகிறது. வாங்கிய உடனே 'முழுமை'க்கு மாற்றுங்கள். தானாகப் பாதை போட்டுத்தரும் வசதியும் இருக்கிறது. அதை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டு, பெரிய ஜூமில் கோடு முழுவதும் விரலால் நகர்ந்து பார்த்த பிறகே கிளம்புவேன்.

இரவு முறையில் வெளிச்சம் போதுமான அளவுக்குக் குறையவில்லை. நிலவில்லாத இரவில் திரையைப் பார்த்துவிட்டு வெளியே பார்த்தால் சற்று நேரம் ஒன்றும் தெரியாது. மேலே ஒட்ட ஒரு சிவப்புத் தாளை வெட்டி வைத்திருக்கிறேன்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். இன்னும் இரண்டு குமிழ் வைத்திருந்தால் நாலரை.