நாரா ஹோம்ஸ்டே: வீட்டுக்கு ஐந்து, ஏற்பாட்டுக்கு இரண்டு

ஜப்பானிய மொழி படிக்கப் போகிற பாளையங்கோட்டைப் பிள்ளைகள் மூன்று பேர் ஹோம்ஸ்டே எப்படி என்று என்னிடம் கேட்டுவிட்டார்கள். அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன். ஜப்பானில் நாரா நகரில் ஒரு குடும்பத்தோடு நான்கு வாரம் இருந்தேன். ஒரு ஏஜென்சி மூலமாகத்தான் போனேன்.

முதலில் சாப்பாடு. எங்கள் வீடு சைவம். ஏஜென்சியில் சொன்னபோது "ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார்கள். அவர்கள் அந்த வீட்டுக்குச் சொன்னதோ, இறைச்சி சாப்பிட மாட்டாள் என்பது மட்டும். மூன்றாம் நாள் காலை அடுப்படியில் நின்றேன். ஒகாசான் (அந்த வீட்டு அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) மரச்சீவல் மாதிரி எதையோ ஒரு கை அள்ளிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார். வாசனை வந்ததும் புரிந்துவிட்டது. தூத்துக்குடிப் பக்கம் விற்கிற மாசிக் கருவாடு! அதே சூரை மீன்தான். அங்கே கட்டை மாதிரி காயவைத்துச் சீவி, கட்ஸுவோபுஷி என்கிறார்கள். அதில் இறக்குகிற சாறுதான் தாஷி. மிசோ சூப், வேகவைத்த காய், தொட்டுக்கொள்ளும் சாஸ் என்று எல்லாவற்றிலும் அது உண்டு. அவர்களுக்கு அது மீன் கணக்கில் வருவதில்லை.

மூன்று நாளாகச் சாப்பிட்டிருக்கிறேனே என்று எனக்கு நெஞ்சை அடைத்தது. தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஒகாசான் முகம் வாடிப்போய்த் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். அன்று ராத்திரியிலிருந்து எனக்கென்று தனிச் சட்டி. கொம்பு என்கிற கடற்பாசியையும் காய்ந்த ஷீத்தாக்கே காளானையும் ஊறவைத்து அதில் தாஷி எடுத்தார். கடைசி நாள்வரை ஒரு வேளைகூடத் தவறவில்லை.

அப்புறம் குளியல். தொட்டிக்கு வெளியே சின்ன முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டுத்தான் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்க வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் அதே தண்ணீர்தான். விருந்தாளிக்கு முதல் முறை. குறுக்குத்துறையில் ஓடுகிற தண்ணீரில் முங்கி வளர்ந்தவள் நான். குளித்த தண்ணீரை அடுத்தவருக்கு விட்டுவைக்க மனசு ஒப்பவில்லை. மரியாதை என்று நினைத்து அடைப்பானைப் பிடுங்கிவிட்டேன். இரண்டு ராத்திரி இப்படியே. ஒகாசான் ஒரு வார்த்தை சொல்லாமல் மறுபடி தொட்டியை நிரப்பினார். மொழிப்பள்ளி ஆசிரியைதான் எனக்கு விளக்கினார். எங்கள் ஆச்சியாக இருந்தால் "ஏட்டி, கூறு இருக்கா ஒனக்கு?" என்று அந்த நிமிஷமே கேட்டிருப்பாள். எனக்கு அங்கே கஷ்டமாக இருந்தது இந்தச் சொல்லாமை ஒன்றுதான். நாமாகவே முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏஜென்சி தந்த தாளில் செருப்பு கழற்றுவது பற்றி அரைப்பக்கம் இருந்தது, அது நமக்குப் பழக்கம்தான். தொட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஊர் மாதிரியே இருந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது "இத்தேகிமாசு" என்பார்கள். போயிட்டு வாறேன் என்றுதான் அர்த்தம். உள்ளேயிருந்து "இத்தெராஷ்ஷாய்" என்று பதில் வரும், போயிட்டு வா. முதல் தடவை அர்த்தம் தெரிந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை நான் சொதி வைத்தேன். கொண்டுபோன சிறுபருப்பு, டின் தேங்காய்ப்பால், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு. முருங்கைக்காய் கிடைக்கவில்லை. கூட இஞ்சிப் பச்சடி. அந்த வீட்டு அப்பா கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்துவிட்டு மறுபடி நீட்டினார். ஒகாசான் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதில் என்ன தாஷி?" என்று கேட்டார். தாஷியே இல்லை, தேங்காய்ப்பாலும் இஞ்சியும்தான் என்றேன். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

அந்த வீட்டுக்கு ஐந்துக்கு ஐந்து. ஏஜென்சிக்கு இரண்டுதான், அதுவும் நல்ல குடும்பமாகப் பார்த்து அனுப்பியதற்காக. சைவப் பிள்ளைகள் ஏஜென்சி சொல்வதை நம்பி இருக்க வேண்டாம். "சகானா நோ தாஷி மோ தபேமாசென்", மீன் சாறும் சாப்பிட மாட்டேன் என்று முதல் நாளே நீங்களே சொல்லிவிடுங்கள். பெட்டியில் அரைக் கிலோ சிறுபருப்பும் கொஞ்சம் புளியும் இருக்கட்டும்.